'ரத்து செய்' பட்டனில் தொடங்கலாம்

மென்பொருள் பொறியியல் ப்ராஜெக்ட் ரிவ்யூக்களில் தவறாமல் விழும் ஒரு வாக்கியம் உண்டு: "எல்லாம் சரிதான், யூஐ மட்டும் இன்னும் கொஞ்சம் நல்லா பண்ணியிருக்கலாம்." யூஐ என்பது பயனர் இடைமுகம், பயன்படுத்துகிறவர் பார்த்துத் தொடும் திரை. அதை நல்லா பண்ணுவது என்றால் என்ன பொருள் என்று சொன்னவரிடம் கேட்டால் தெளிவான பதில் வராது, மாணவர்களும் கேட்க மாட்டார்கள். அடுத்த ரிவ்யூவுக்குள் பின்னணி நிறம் மாறியிருக்கும், பட்டன்களின் மூலைகள் வளைந்திருக்கும், முதல் பக்கத்தில் ஒரு படம் நகர்ந்துகொண்டிருக்கும். பதிவேற்றிய ஃபைல் போய்ச் சேர்ந்ததா இல்லையா என்பது மட்டும் பயன்படுத்துகிறவருக்கு அப்போதும் தெரியாது.

இந்தப் பாடத்தைப் பல வருஷமாக எடுத்துவருகிறேன். என் கட்சி ஒன்றுதான். இடைமுக வடிவமைப்பைக் கட்டி முடித்த சுவருக்கு அடிக்கும் வெள்ளை மாதிரி கடைசியில் வைக்காதீர்கள். தேவைகள், கட்டமைப்பு, சோதனை என்று பாடம் போகிற வழியிலேயே, அதே கறாரோடு சொல்லிக்கொடுங்கள். தனியாக ஒரு விருப்பப் பாடம் இருந்தால் இருக்கட்டும், நல்லதுதான். ஆனால் அதை எடுக்கிறவர்கள் ஏற்கெனவே இதில் ஆர்வம் உள்ளவர்கள். "நான் பேக்எண்ட் எழுதப்போறேன், எனக்கெதுக்கு இது" என்று (திரைக்குப் பின்னால் ஓடும் பகுதிதான் பேக்எண்ட்) ஒதுங்குகிற மாணவருக்குத்தான் இது அதிகம் தேவைப்படுகிறது, அவர் அந்த வகுப்புப் பக்கமே வர மாட்டார்.

பாடத்திட்டங்களில் இதற்குக் கிடைக்கும் இடத்தைப் பாருங்கள். கணினித் துறையினரின் அமைப்புகளான ஏசிஎம்மும் ஐஇஇஇ கம்ப்யூட்டர் சொசைட்டியும் சேர்ந்து 2013இல் வெளியிட்ட கணினி அறிவியல் பாடத்திட்டப் பரிந்துரையில் அடிப்படைப் பகுதிக்கு மொத்தம் 308 மணி நேரம். அதில் மனித-கணினி ஊடாட்டத்துக்கு (இடைமுக வடிவமைப்பு வருவது இதற்குள்தான்) ஒதுக்கியது 8. சரி, வேலை செய்யும் இடத்தில் எவ்வளவு என்று கேட்டால், 1992இல் பிராட் மையர்ஸும் மேரி பெத் ராசனும் மென்பொருள் உருவாக்குகிறவர்களிடம் ஒரு கணக்கெடுப்பு நடத்தினார்கள். எழுதிய கோடில் சராசரியாக 48 சதவீதம் இடைமுகத்துக்கே போயிருந்தது. மொபைல் ஆப் என்ற ஒன்றே இல்லாத காலத்து எண் இது. வேலையில் பாதி, படிப்பில் எட்டு மணி நேரம்.

மணி நேரத்தைக் கூட்டிவிட்டால் போதும் என்றும் நான் சொல்லவில்லை. கூட்டின நேரத்தில் வண்ணச் சக்கரத்தையும் எழுத்துரு வகைகளையும் நடத்தினால் பழைய கதைதான். எதைச் சொல்லிக்கொடுக்கிறோம் என்பதுதான் விஷயம்.

தெராக்-25 கதை மென்பொருள் பொறியியல் வகுப்புகளில் வழக்கமாக வரும். 1985க்கும் 1987க்கும் இடையில் கனடாவிலும் அமெரிக்காவிலும் அந்தக் கதிர்வீச்சு சிகிச்சை இயந்திரம் ஆறு நோயாளிகளுக்கு அளவுக்கு மிஞ்சிய கதிரைச் செலுத்தியது, சிலர் அதனால் இறந்தே போனார்கள். வகுப்பில் இது 'ரேஸ் கண்டிஷன்' (இரண்டு வேலைகளில் எது முந்துகிறது என்பதைப் பொறுத்து விளைவு மாறிப்போகும் பிழை) உதாரணமாகவே முடிந்துவிடும். எக்ஸ்ரே என்று தட்டியதை ஆபரேட்டர் எலெக்ட்ரான் என்று வேகமாகத் திருத்துகிறார், இயந்திரத்தின் காந்தங்கள் நிலைக்கு வர ஆகும் சுமார் 8 நொடிக்குள் திருத்தம் முடிந்துவிடுவதால் மென்பொருளின் ஒரு பகுதிக்கு அது தெரியாமலே போகிறது, முந்தைய மாடலில் இருந்த வன்பொருள் தடுப்புகளையும் இதில் எடுத்துவிட்டிருந்தார்கள். எல்லாம் உண்மை, எல்லாம் முக்கியம். ஆனால் அந்த நேரத்தில் திரையில் என்ன தெரிந்தது என்று யாரும் கேட்பதில்லை.

திரையில் தெரிந்தது 'மால்ஃபங்ஷன் 54'. கையேட்டில் அதற்கு இருந்த விளக்கம் 'டோஸ் இன்புட் 2'. அவ்வளவுதான். கொடுத்த கதிர் மிக அதிகமாக இருந்தாலும் இதே செய்தி, மிகக் குறைவாக இருந்தாலும் இதே செய்தி. பக்கத்தில் காட்டிய அளவோ, கொடுக்கவேண்டியதில் சிறு பங்குதான் போயிருக்கிறது என்று சொன்னது. இந்த மாதிரிச் செய்திகள் அந்த இயந்திரத்தில் அடிக்கடி வரும், 'பி' விசையைத் தட்டினால் சிகிச்சை தொடரும், ஆபரேட்டர்களுக்கு அது பழகிப்போயிருந்தது. இதற்கு முன்னால் இன்னொன்றும் நடந்திருக்கிறது: விவரங்களைத் தட்டச்சு செய்ய நேரம் பிடிக்கிறது என்று ஆபரேட்டர்கள் குறை சொன்னதால், சிகிச்சை அறையில் ஏற்கெனவே அமைத்த மதிப்புகளை ரிட்டர்ன் விசையைத் தட்டித் தட்டியே நிரப்பிக்கொள்ளும் வசதியைத் தயாரித்தவர்கள் கொடுத்தார்கள். சரிபார்ப்பதற்காக இருந்த படி, விரல் பழக்கத்தில் கடந்துபோகும் படியாக மாறியது.

இதை வகுப்பில் விவரித்துவிட்டு ஒரு சின்ன வேலை கொடுப்பேன்: அந்த ஒரு பிழைச் செய்தியை மட்டும் திருத்தி எழுதுங்கள். முதலில் எல்லாரும் நல்ல வாக்கியங்களாக எழுதித் தருவார்கள், 'எச்சரிக்கை, கதிர் அளவு அதிகம், நோயாளியை உடனே கவனிக்கவும்' என்கிற மாதிரி. அப்புறம் நான் கேட்பேன், அளவு அதிகம் என்று இந்த மென்பொருளுக்கு எப்படித் தெரியும்? அதிகமும் குறைவும் ஒரே எண்ணுக்குள் அடைபட்டுக் கிடக்கிறதே, அளவுமானி சொல்வதையே நம்ப முடியவில்லையே? வகுப்பு அமைதியாகிவிடும். நல்ல செய்தி எழுத வேண்டும் என்றால் பிழைகளைப் பிரித்துப் பார்க்கும் வேலை நாலு அடுக்கு கீழே நடந்திருக்க வேண்டும். அடியில் இல்லாத தகவலை மேலே திரையில் அழகாக எழுதிக்காட்ட வழியே கிடையாது. மாணவர்களுக்கு நான் புரியவைக்க நினைப்பதில் பாதி இதிலேயே வந்துவிடும்.

உயிர் போகிற உதாரணம் வேண்டாம் என்றால் பணம் போகிற உதாரணம் இருக்கிறது. 2020 ஆகஸ்டில் சிட்டிபேங்க், ரெவ்லான் நிறுவனத்தின் கடனுக்கு சுமார் 78 லட்சம் டாலர் வட்டி அனுப்பவேண்டிய இடத்தில், அசலையும் சேர்த்துக் கிட்டத்தட்ட 90 கோடி டாலரைக் கடன் கொடுத்தவர்களுக்கு அனுப்பிவிட்டது. அசல் தொகை வங்கிக்குள்ளேயே ஒரு கணக்கில் நிற்க வேண்டுமென்றால் மென்பொருளில் மூன்று கட்டங்களை நிரப்ப வேண்டும். நிரப்பியது ஒன்று. மூன்று பேர் பார்த்து ஒப்புதல் கொடுத்தார்கள், மூன்று பேருமே அந்த ஒன்று போதும் என்றுதான் நினைத்தார்கள். எச்சரிக்கையும் வந்தது: பணம் வங்கிக்கு வெளியே போகப்போகிறது, தொடரலாமா என்று. வட்டி எப்படியும் வெளியேதான் போகவேண்டும், எனவே அதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. எவ்வளவு போகிறது என்பதை அந்த எச்சரிக்கை சொல்லவில்லை. வழக்கு நடந்தது, முதலில் வங்கி தோற்றது, 2022இல் மேல்முறையீட்டில் தீர்ப்பு மாறியது. அது வழக்கறிஞர்கள் கவலை. என் வகுப்புக்கு வேண்டியது அந்த எச்சரிக்கைப் பெட்டி மட்டும்தான்.

சரி, தலைப்பில் சொன்ன பட்டனுக்கு வருகிறேன். நான் கொடுக்கும் பயிற்சிகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். மாணவர்களிடம் முந்தைய பயிற்சியில் எழுதிய ஒரு புரோகிராம் இருக்கும், பெரிய பட்டியல் ஒன்றைப் படித்து, ஒவ்வொரு வரியையும் சரிபார்த்து, டேட்டாபேஸில் சேர்க்கும், சேர்த்தவர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பும். இப்போது அதில் ஒரு 'ரத்து செய்' பட்டன் வையுங்கள் என்பேன். ஒரு பட்டன்தானே என்று சிரித்துக்கொண்டே போவார்கள். முதல் முயற்சியில் பட்டனை அழுத்தினால் ஒன்றும் நடக்காது, ஏனென்றால் பட்டனைக் கவனிக்கவேண்டிய அதே த்ரெட்தான் (புரோகிராமுக்குள் வேலைகளை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்துபோகும் ஓட்டம்) பட்டியலையும் ஏற்றிக்கொண்டிருக்கிறது. வேலை முடிந்தபின்தான் ரத்து அதன் காதில் விழும். அதைச் சரிசெய்தால், ஜன்னல் மூடிக்கொள்ளும், பின்னால் வேலை பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். அதையும் சரிசெய்து த்ரெட்டை நடுவில் கொன்றால், டேட்டாபேஸில் பாதிப் பட்டியல், திறந்தபடி கிடக்கும் ஃபைல், விடுபடாத ஒரு லாக் (மற்ற வேலைகள் தொடாதபடி தரவுக்குப் போட்ட பூட்டு). அப்போதுதான் உண்மையான கேள்விகள் வரும். ரத்து என்றால் இதுவரை சேர்த்ததை அழிக்கவேண்டுமா, இல்லை இத்தோடு நிறுத்தினால் போதுமா? அனுப்பிய மின்னஞ்சலை என்ன செய்வது? ரத்து செய்யவே கொஞ்ச நேரம் பிடிக்குமென்றால் அதுவரை திரையில் என்ன காட்டுவது? பயன்படுத்துகிறவர் பொறுமையிழந்து பட்டனை மறுபடி அழுத்தினால்?

இதில் எதற்குமே அவர்களுடைய தேவை ஆவணத்தில் பதில் இருக்காது. பட்டன் ஒன்றை வைக்கப் போய் தேவைகளுக்கும், அங்கிருந்து ட்ரான்ஸாக்ஷனுக்கும் (நடந்தால் முழுதாக, இல்லையேல் நடக்கவே கூடாது என்று சேர்த்துக் கட்டிய மாற்றங்கள்), அங்கிருந்து த்ரெட்டுகளுக்கும் போய்விட்டுத் திரும்புவார்கள். மென்பொருள் கட்டமைப்பில் பெயர்பெற்ற லென் பாஸும் மனித-கணினி ஊடாட்ட ஆய்வாளரான பானி ஜானும் கார்னகி மெலனில் 2000களின் தொடக்கத்தில் இதையே விரிவாக எழுதினார்கள்: ரத்து, செயல்தவிர்ப்பு (அன்டூ), முன்னேற்றம் காட்டுதல் போன்றவற்றைப் பிற்பாடு சேர்க்க முடியாது, கட்டமைப்பை முடிவு செய்யும்போதே யோசித்திருக்க வேண்டும் என்று. இடைமுகத்தைத் தனியாகப் பிரித்துவிட்டால் எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம் என்று எம்விசி (தரவு, திரை, இரண்டையும் இணைக்கும் பகுதி என்று மூன்றாகப் பிரிக்கும் கட்டமைப்பு) நடத்தும்போது சொல்லிவிடுகிறோம் அல்லவா, அதில் பாதிதான் உண்மை. நிறத்தை மாற்றலாம், வரிசையை மாற்றலாம். செயல்தவிர்ப்பைப் பிற்பாடு நுழைக்கப் பாருங்கள், அப்போது தெரியும். (இன்னொரு லாபமும் உண்டு. ஒவ்வொரு செயலையும் தனி ஆப்ஜெக்டாக வைத்துக்கொள்ளும் உத்தியை 'கமாண்ட் பேட்டர்ன்' என்று வறட்டுத்தனமாக நடத்தினால் யாருக்கும் ஏறாதது, செயல்தவிர்ப்பு எழுத வைத்தால் தானாகவே ஏறிவிடும்.)

அடுத்தது, பார்ப்பது. தான் எழுதிய மென்பொருளை முன்பின் தெரியாத ஒருவர் பயன்படுத்துவதை, வாயைத் திறக்காமல், பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது. கேட்க எளிது, செய்யும்போது மாணவர்கள் படும் பாட்டைப் பார்க்க வேண்டும். "அந்த மேல இருக்கிற ஐகான்" என்று கை தானாக நீளும். நான் வைத்திருக்கும் விதி, எழுதினவர் குறிப்பு மட்டும் எடுக்கலாம், பேசுவது இன்னொரு குழுவிலிருந்து வந்தவர். கொடுக்கும் வேலையையும் திரையில் இருக்கும் சொற்களால் சொல்லக்கூடாது. 'முன்பதிவை மாற்று' என்று பட்டனில் எழுதியிருந்தால், "முன்பதிவை மாற்றுங்கள்" என்று சொல்வது சோதனையே இல்லை, எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தால் முடிந்துவிடும். "நீங்கள் வரவேண்டிய நாளில் வேறு வேலை வந்துவிட்டது, என்ன செய்வீர்கள்?" என்று கேட்க வேண்டும். இந்த மாதிரி ஒரு வாக்கியம் எழுதுவதற்கே மாணவர்களுக்கு ஒரு வகுப்பு ஆகும், ஆனால் பயனுள்ள வகுப்பு, ஏனென்றால் யூஸ் கேஸ் (பயன்படுத்துகிறவர் ஒரு வேலையை எப்படி முடிக்கிறார் என்ற விவரிப்பு) என்ற பெயரில் இதுவரை அவர்கள் எழுதிக்கொண்டிருந்ததெல்லாம் திரையின் வர்ணனைதான் என்பது அப்போது அவர்களுக்கே தெரியவரும்.

பார்த்து முடித்தபின் முதலில் வரும் அறிக்கை பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும்: 'பயனருக்கு இடது பக்க மெனு புரியவில்லை.' அதைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். புரியவில்லை என்பது உங்கள் ஊகம், அவர் என்ன செய்தார் என்று எழுதுங்கள். 'மெனுவைத் திறந்தார், இரண்டு முறை மேலும் கீழும் பார்த்தார், மூடினார், தேடல் பெட்டியில் தட்டினார்.' பிழை அறிக்கையில் 'வேலை செய்யவில்லை' என்று எழுதினால் ஒத்துக்கொள்வோமா? அதே ஒழுக்கம்தான் இங்கேயும்.

எத்தனை பேரைப் பார்க்கவேண்டும் என்று கேட்பார்கள். ஐந்து பேர் போதும் என்று எல்லா இடத்திலும் படித்திருப்பார்கள். அந்த ஐந்து எங்கிருந்து வந்தது என்று சொல்லிக்கொடுத்தால் அதுவே ஒரு நல்ல பாடம். ஜேக்கப் நீல்சனும் தாமஸ் லேண்டாவரும் 1993இல் வெளியிட்ட கணித மாதிரி அது. ஒரு பிரச்சினை ஒரு பயனரிடம் வெளிப்படும் வாய்ப்பு சராசரியாக 31 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், ஐந்து பேரில் சுமார் 85 சதவீதப் பிரச்சினைகள் வந்துவிடும். அந்த 31ஐ 10 என்று மாற்றிப் போட்டுப் பார்க்கச் சொல்வேன். ஐந்து பேரில் 41 சதவீதம்தான் வரும். அரிதாகத் தலைகாட்டும் பிரச்சினைகளுக்கு ஐந்து பேர் போதாது. நிகழ்தகவு வகுப்பில் தூங்கினவர்கள்கூட இதற்கு விழித்துக்கொள்கிறார்கள்.

பேப்பரில் வரைந்த திரைகளை வைத்து முதல் சுற்றை நடத்துவதையும் நான் விடுவதில்லை. பழைய காலத்து முறை என்று மாணவர்கள் முகம் சுளிப்பார்கள், அதுவும் ஒரு வரி எழுதினால் ஏஐ கருவி ஒன்று பளபளவென்று முழுத் திரையையும் கொடுத்துவிடும் இந்தக் காலத்தில். ஆனால் பளபளப்பு வந்துவிட்டால் பார்க்கிறவர் எழுத்துருவைப் பற்றித்தான் பேசுவார், இந்தப் படியே தேவையில்லை என்று சொல்ல மாட்டார். பென்சிலால் வரைந்ததைத் தூக்கிப்போட யாருக்கும் மனம் வலிக்காது, வரைந்தவருக்கும் வலிக்காது. அந்தக் கருவிகளை நான் தடைசெய்யவில்லை. முன்பு அசிங்கமான திரையைப் பார்த்தாலே இதில் யாரும் யோசிக்கவில்லை என்று தெரிந்துவிடும், இப்போது யோசிக்காத திரையும் அழகாக இருக்கிறது. அழகுக்கு மதிப்பெண் கொடுத்துக்கொண்டிருந்தவர்களுக்கு இனிக் கஷ்டம்தான்.

விதிகள், கோட்பாடுகள் எல்லாம் எங்கே என்று கேட்கலாம். நல்ல இடைமுகத்துக்கு நீல்சன் சொன்ன பத்து விதிகளையும் நடத்துகிறேன், ஆனால் ஒரு சுற்றுப் பார்த்து முடித்த பிறகு. முன்னாலேயே கொடுத்தால் பத்துக்கும் டிக் போட்டுக் கொண்டுவந்துவிடுவார்கள். பார்த்த பிறகு கொடுத்தால், "அன்னிக்கு அவர் தேடித் தேடி அலைஞ்சது இதனாலதானா" என்று ஒட்டிக்கொள்ளும். உளவியலாளர் ஜார்ஜ் மில்லரின் 1956ஆம் வருஷத்து 'ஏழு, கூட்டியோ குறைத்தோ இரண்டு' கட்டுரை படும் பாட்டையும் இங்கே சொல்லியாக வேண்டும். மெனுவில் ஏழுக்கு மேல் இருக்கக்கூடாது என்று அதை மேற்கோள் காட்டுகிற அறிக்கைகள் வந்துகொண்டே இருக்கும். அவர் எழுதியது குறுகிய கால நினைவைப் பற்றி. மெனு கண்ணுக்கு முன்னாலேயே இருக்கிறது, எதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

அணுகுதன்மைக்கு (மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்த முடியும்படி இருப்பது) நான் விரிவுரையே எடுப்பதில்லை. மவுஸைப் பிடுங்கி வைத்துவிட்டு, விசைப்பலகையை மட்டும் வைத்துத் தங்கள் ப்ராஜெக்டில் ஒரு வேலையை முடிக்கச் சொல்வேன். அப்புறம் திரையில் இருப்பதைக் குரலில் படித்துக்காட்டும் என்விடிஏ மாதிரி ஒரு ஸ்க்ரீன் ரீடரைப் போட்டுத் திரையை அணைத்துவிட்டு அதே வேலை. "பட்டன், பட்டன், பட்டன்" என்று அது படித்துக்கொண்டே போவதைக் கேட்ட குழு, அடுத்த வாரம் எல்லாவற்றுக்கும் லேபிள் எழுதிக்கொண்டு வந்துவிடும். சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் 4.5க்கு 1 என்ற ஒளிர்வு வேறுபாடு வேண்டும் என்கிற, இணைய அணுகுதன்மைக்கான டபிள்யூசிஏஜி விதியைத் தானியங்கிச் சோதனைகளோடு சேர்த்துவிடலாம், அதற்கு வகுப்பு நேரம் வேண்டியதில்லை.

குழுக்களில் நடக்கும் ஒன்று எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. வேலையைப் பிரிக்கும்போது 'நல்லா கோட் எழுதுறவன்' பேக்எண்டை எடுத்துக்கொள்வான், யூஐயும் டாக்குமென்டேஷனும் மிச்சம் இருப்பவருக்கு, பெரும்பாலும் குழுவில் இருக்கும் பெண்ணுக்கு. கேட்டால் "அவங்களுக்கு அதுதான் நல்லா வரும் சார்" என்பார்கள். அதனால் இப்போது பிரிவினையை ஒத்துக்கொள்வதில்லை. குழுவில் ஒவ்வொருவரும் ஒரு முறையாவது பார்த்துக் குறிப்பெடுக்க வேண்டும், ஒவ்வொருவரும் அதில் வந்த ஒரு பிரச்சினையையாவது அடி முதல் திரை வரை தாங்களே சரிசெய்ய வேண்டும். டேட்டாபேஸ் எழுதினவரும்தான்.

மதிப்பெண் போடுவதுதான் தலைவலி என்று சக ஆசிரியர்கள் சொல்வார்கள். எது நல்ல இடைமுகம் என்பது ஆளுக்கு ஆள் மாறும், எப்படிப் போடுவது? இடைமுகத்துக்குப் போடாதீர்கள், மாற்றத்துக்குப் போடுங்கள். முதல் சுற்றில் என்ன பார்த்தீர்கள், அதில் எதை மாற்றினீர்கள், மாற்றியபின் மறுபடி பார்த்தபோது என்ன ஆனது, எதை மாற்றாமல் விட்டீர்கள், ஏன். இந்த நாலும் கமிட்களிலும் (கோடில் செய்த ஒவ்வொரு மாற்றத்தின் பதிவு) பிழைப் பட்டியலிலும் இருக்கவேண்டும், தனி அறிக்கையாக அல்ல. 'பதிவேற்றம் முடிந்ததா என்று தெரியாமல் இரண்டு முறை அனுப்பினார்' என்பது புரோகிராம் நின்றுபோவதற்குச் சமமான தீவிரத்தோடு பட்டியலில் ஏறவேண்டும். கடைசியில் திரை சுமாராக இருந்தாலும் இந்தத் தடம் சரியாக இருந்தால் முழு மதிப்பெண் கொடுத்திருக்கிறேன். மிக அழகான திரையோடு வந்து, தடம் இல்லாமல் குறைவாக வாங்கிய குழுக்கள் என்மேல் கோபமாகத்தான் போயிருக்கிறார்கள்.

நேரம் எங்கே என்ற கேள்வி நியாயமானது. நான் எடுத்தது, மென்பொருளின் அமைப்பைப் படங்களாக வரைந்துகாட்டும் யூஎம்எல்லிலிருந்து. வரைபட வகைகள் அனைத்தையும் அம்புக்குறியின் தலை திறந்ததா மூடியதா என்பது வரை நடத்திக்கொண்டிருந்தோம். மூன்று வகைகளோடு நிறுத்திக்கொண்டேன், யாரும் ஏங்கவில்லை.

தீராத பிரச்சினை ஒன்று மிச்சம். சோதனைக்கு மாணவர்கள் கூட்டிவருவது பக்கத்து வகுப்பு நண்பர்களை. அதே வயது, அதே ஆப்கள், ஒரே மாதிரியான விரல் பழக்கம், நண்பன் மனம் நோகக்கூடாது என்ற தாட்சண்யம் வேறு. வீட்டில் இருக்கும் பெரியவர்களிடம் வீடியோ அழைப்பில் திரையைப் பகிரச் சொல்லிப் பார்த்தோம், பாதி நேரம் திரையைப் பகிர்வது எப்படி என்று விளக்குவதிலேயே போய்விட்டது (அந்த ஆப்பின் இடைமுகத்தைப் பற்றி மாணவர்கள் எழுதிய குறிப்புகள் தங்கள் ப்ராஜெக்டைப் பற்றி எழுதியதைவிட நன்றாக இருந்தன). கல்லூரி அலுவலகத்திலும் நூலகத்திலும் வேலை பார்ப்பவர்கள் உதவுகிறார்கள், ஆனால் எல்லாக் குழுக்களும் ஒரே வாரத்தில் போய் நின்றால் அவர்கள் வேலை கெடும். அடுத்த செமஸ்டரில் சோதனை வாரங்களைக் குழுவுக்குக் குழு தள்ளிவைத்து, உதவுகிறவர்களின் நேரத்தை முன்கூட்டியே கேட்டு வாங்கிவைக்கப் போகிறேன். உங்கள் கல்லூரியில் இதற்கு வேறு ஏதாவது வழி கண்டுபிடித்திருந்தால் எழுதுங்கள்.